பதினெட்டுக் குப்பிகள்

“மாதாஜி, நாலு வருஷம் ஆச்சு. எனக்கு எப்போ?”

தணிகாசலம் இப்படிக் கேட்டபோது மாதாஜி அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“எது எப்போ?”

“தீட்சை.”

மாதாஜி சாம்பலை வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். கை கழுவினார். உள்ளே போய் ஒரு சின்ன எஃகுக் கரண்டியும், திருகு மூடி போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்றும் எடுத்துவந்து தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

“ஆறு வருஷமா நான் எடுத்தேன். இந்த வருஷம் பனிக்கட்டி எடுக்கிற வேலை உங்களுக்கு.”

கேட்டது ஒன்று, கையில் கிடைத்தது ஒன்று. தணிகாசலம் அந்தக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாதாஜி மாவு பிசையப் போய்விட்டார்.

அந்த ஆசிரமம் இமயமலையில், கழுதைப் பாதை முடிகிற இடத்தில் இருந்தது. நாலு அறை, ஒரு சமையலறை, தகரக் கூரை. எந்தக் காலத்திலோ தெற்கேயிருந்து நடந்தே வந்த ஒரு சாமியார் கட்டியது. அவருக்குப் பின்னால் அவர் சிஷ்யை மாதாஜி. மாதாஜிக்கு வயசு நாற்பத்தொன்று, தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் அந்த அம்மா எதிரே காலை நீட்டி உட்கார அவருக்கு வராது.

ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஏறினால் பனியாறு. ஆறு என்றால் ஓடுகிற ஆறு இல்லை. மலை இடுக்கில் உறைந்து கிடக்கிற பனிக்கட்டி. நகர்கிறது என்பார்கள். நின்று பார்த்தால் தெரியாது.

தணிகாசலம் ஆரணிப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். ஊர் ஊராக வருகிற பாலைச் சோதித்து, நல்லது கெட்டது பிரித்து, குளிரவைத்து லாரியில் ஏற்றுகிற வேலை. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மனைவி கனகவல்லிக்கு மூச்சுத் திணறுகிறது, உடனே வாருங்கள் என்றார்கள். பாலை ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். ஏற்றினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கனகவல்லியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அன்றையிலிருந்து தணிகாசலம் என்கிற ஆளை அவருக்கே பிடிக்காமல் போயிற்று.

தீட்சை வாங்கினால் தலையை மழிப்பார்கள். தனக்குத் தானே பிண்டம் வைத்து, பழைய பேரையும் அதோடு சேர்த்துத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். குரு காதில் ஒரு புதுப் பேர் சொல்வார். அந்த நிமிஷத்தோடு பழைய ஆள் செத்தவன். அதற்காகத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்தது.

கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தால் கேட்டது கிடைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

*

சித்திரை கடைசியில் பெர்சிஸ் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். வருஷத்துக்கு இரண்டு தடவை மலையேறி வருவாள். வாரத்துக்கு ஒரு குப்பி பனிக்கட்டி அவளுக்காகத்தான்.

தணிகாசலத்தைப் பனியாற்றுக்கே கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுத்தாள். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கரண்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். மேலாக இருப்பதைச் சுரண்டித் தள்ளிவிட்டு அடியில் இருப்பதை எடுத்து, குப்பியை மூடி, உடனே பனிக்குழியில் புதைக்க வேண்டும். மாசம் ஒரு தடவை கழுதைக்காரன் பகத்ராம் அவற்றை ஏற்றிக் கீழே கொண்டுபோவான். நாலு நாள் பாதை.

எதற்கு என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கிருமி பார்க்கிறார்கள், அவ்வளவுதானே. முப்பத்தோரு வருஷம் பார்க்காத கிருமியா?

பாலில் நீல மருந்தை விட்டு வைத்தால், கிருமி அதிகமாக இருக்கிற பால் சீக்கிரம் வெளுத்துவிடும். கடைசிவரை நீலமாகவே நிற்கிற பால்தான் முதல் தரம். தணிகாசலம் கண்காணித்த பால் எப்போதும் நீலமாகவே நிற்கும். மேலதிகாரிகள் வந்து பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதனால் அந்த ஸ்பிரிட் துடைப்பு அவருக்குப் போதவில்லை. வெந்நீர் படாத பாத்திரம் ஒரு பாத்திரமா?

முதல் வாரமே பிளாஸ்க் நிறைய கொதிக்கக் கொதிக்க வெந்நீர் எடுத்துக்கொண்டு ஏறினார். கரண்டியில் ஊற்றினார். குப்பியைக் கழுவினார். பனிக்கட்டியை நிரப்பி மூடினார். அப்புறம் மிச்ச வெந்நீரை ஒரு குவளையில் விட்டு, குப்பியை அதில் இறக்கி, இருநூறு எண்ணினார். நாலு நாள் பிரயாணம் ஆயிற்றே, வழியில் ஏதாவது வளர்ந்துவிட்டால்?

எண்ணி முடித்துப் பனியில் புதைத்தார்.

மாதாஜி ஆறு வருஷமாக இப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே இறங்கினார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை பதினெட்டு வாரம். பதினெட்டுக் குப்பி, பதினெட்டுத் தடவை வெந்நீர். காய்ச்சல் வந்த வாரம்கூட அவர் விடவில்லை.

ஆனால் உட்கார்ந்தால் மனசு ஓரிடத்தில் நிற்காது. ஜபமாலை பாதியில் நின்றுவிடும். எந்த மணியில் விட்டோம் என்று தெரியாது, மறுபடி முதலிலிருந்து உருட்டுவார். எழுந்து போய் விறகு அடுக்குவார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குவார். மாதாஜி பார்த்துக்கொண்டே போவார், வருவார். 

புரட்டாசியில் ஒருநாள் சப்பாத்தியைத் தட்டில் போட்டபடி மாதாஜி சொன்னார்.

“வர வியாழக்கிழமை காலையில உங்களுக்கு தீட்சை. பகத்ராம் கத்தி எடுத்துட்டு வருவான்.”

தணிகாசலம் அந்தச் சப்பாத்தியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றே ஒரு வேட்டியைக் காவியில் நனைத்துக் கொடியில் போட்டார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்க் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.

*

புதன்கிழமை மத்தியானம் பகத்ராமின் கழுதையோடு பெர்சிஸும் வந்து சேர்ந்தாள். முகம் கறுத்து, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. பிரயாணக் களைப்பாக்கும் என்று தணிகாசலம் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

“பதினெட்டும் பூஜ்யம், மாதாஜி,” என்றாள். “ஒண்ணுகூட இல்ல.”

தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினெட்டும் சுத்தம். வயசானாலும் கை மறக்கவில்லை பார்த்தாயா என்று நினைத்தார். அடக்கமாகச் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், பெர்சிஸ் அழுவதைப் பார்த்தார்.

அப்புறம்தான் அவள் விவரமாகச் சொன்னாள்.

நம் வீட்டு இட்லி மாவு வெயில் காலத்தில் பொங்கும், மார்கழியில் அப்படியே கிடக்கும் இல்லையா? மாவுக்குள் இருக்கிற உயிர்களுக்குச் சூடு வேண்டும். பனிக்கட்டிக்குள் இருக்கிறவை அதற்கு நேர்மாறு. குளிர்தான் அவற்றுக்கு வீடு. அங்கேதான் தின்னும், பெருகும். கொஞ்சம் சூடு ஏறினாலும் சுருண்டுவிடும். மலை சூடாகிறதா என்று அவற்றை எண்ணிப் பார்த்தால் தெரியும். நாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் முன்னால் அவை குறைய ஆரம்பித்துவிடும்.

பனிக்கட்டியை உருக்கி, தீனி தடவிய தட்டில் விட்டுக் குளிரிலேயே வைத்தால் அவை புள்ளி புள்ளியாக முளைக்கும். முதல் வருஷம் ஒரு தட்டில் முந்நூறு புள்ளி முளைத்தது. அப்புறம் இருநூற்றைம்பது, இருநூறு என்று இறங்கியது. போன வருஷம் நூற்று நாற்பது. அதற்கே அவளுக்குப் பயமாக இருந்ததாம். இந்த வருஷம் எல்லாக் குப்பியும் சேர்ந்தபிறகு ஒன்றாகத் தட்டில் வைத்தாள். வெறும் தட்டு.

“கொஞ்சம் கொஞ்சமாப் போகும்னு நினைச்சேன். இப்படி ஒரேயடியாத் துடைச்சுட்டுப் போகும்னு நினைக்கல. இந்தப் பனியில குளிர் உசிரு முடிஞ்சு போச்சுன்னு எழுதிட்டேன் மாதாஜி. அடுத்த வாரம் ஐம்பது பேர் முன்னாடி நின்னு வாசிக்கணும்.”

அதை வாசிப்பதற்கு முன்னால் பனியாற்றை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாளாம். சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது அவள் பேச்சு.

தணிகாசலம் மெதுவாகக் கேட்டார்.

“எவ்வளவு சூடு தாங்கும், டாக்டரம்மா, அதுங்க?”

“உங்க உள்ளங்கைச் சூடே அதுங்களுக்கு அதிகம், அண்ணாச்சி. அதுக்கும் சேர்த்துத்தான் கையுறை போடச் சொன்னது.”

கையில் இருக்கிற அழுக்கு படக்கூடாது என்பதற்காக மட்டும்தான் கையுறை என்று அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

ஆணியில் பிளாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் எழுந்து வெளியே போனார்.

*

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் ஆசிரமத்தை எத்தனை சுற்றுச் சுற்றினார் என்று அவருக்கே தெரியாது. பெர்சிஸ் கல்மேல் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டு தடவை போனார். முதல் தடவை குளிருக்குப் போர்வை வேண்டுமா என்று கேட்டார். இரண்டாவது தடவை கஞ்சிக்கு ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணாச்சி என்றாள் இரண்டு தடவையும்.

விடிந்தால் தீட்சை. தணிகாசலம் என்கிறவன் விடிந்தால் இல்லை. செத்தவனைப் போய் யார் கேட்கப் போகிறார்கள்?

இப்படி நினைத்த உடனே உடம்பு லேசான மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் பழையபடி கனத்தது. வேண்டுமென்றா செய்தேன் என்று நினைத்தார். அதுவும் கொஞ்ச நேரம்தான் நின்றது.

மாதாஜி வாசல்படியில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் பக்கத்தில் போய் நின்றார். உட்காரவில்லை.

“மாதாஜி, நாளைக்குப் பிண்டம் வச்சப்புறம் தணிகாசலம்னு ஒருத்தன் கிடையாதுதானே?”

“கிடையாது.”

“அப்போ அவன் செஞ்சதெல்லாம்?”

“என்ன செஞ்சான்?”

தணிகாசலம் குனிந்து பருப்புத் தட்டைப் பார்த்தார். “பொதுவாக் கேட்டேன். ஒரு ஆள்னா நல்லது கெட்டது எல்லாம் செஞ்சிருப்பான்ல. அதுக்கெல்லாம் அப்புறம் யார் பதில் சொல்றது?”

மாதாஜி ஒரு கல்லைக் கண்டுபிடித்து ஓரமாகப் போட்டார்.

“அவன்கிட்டயே கேளுங்க. காலை வரைக்கும் இருப்பான்.”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

சூரியன் எதிர் மலை உச்சியைத் தொடுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது முகூர்த்தம். வாசலில் முக்காலி போட்டார்கள். பகத்ராம் கத்தியைத் தீட்டினான். கழுதைக்காரனும் அவன்தான், நாவிதனும் அவன்தான். இந்தத் தலையை மழித்துவிட்டு, பெர்சிஸின் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ராத்திரி நல்ல பனி விழுந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் பாதை அடைபட்டுவிடும் என்று அவசரப்பட்டான்.

மாதாஜி உள்ளே பிண்டத்துக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் தலை குனிந்து உட்கார்ந்தார். ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. கத்தி வலப்பக்கமாக இறங்கியது. வெள்ளை முடி மடியில் விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் போதும்.

பெர்சிஸ் சொல்லிக்கொண்டு போக வந்தாள். கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம்.

“அம்மா குடுத்தனுப்பினது அண்ணாச்சி. சாமியார் ஆயிட்டா இதெல்லாம் சாப்பிடலாமா, கூடாதா?” அழுகை ஓய்ந்த முகத்தோடு ஏதோ சிரிக்கப் பார்த்தாள். “பதினெட்டு வாரம் தவறாம ஏறி எடுத்துத் தந்தீங்க. பலன் இப்படி ஆனதுக்கு நீங்க என்ன செய்வீங்க? அறிக்கையில உங்களுக்கு நன்றி எழுதியிருக்கேன். தணிகாசலம்னு எழுதிட்டேன். புதுப் பேரு என்னன்னு சொன்னா மாத்திடுவேன்.”

கத்தி நெற்றிக்கு மேலே இருந்தது.

தணிகாசலம் பகத்ராமின் கையைப் பிடித்து நிறுத்தினார். எழுந்தார். தலையில் பாதி பளபளவென்றும் பாதி வெள்ளையாகவும் இருந்தது.

“மாத்த வேண்டாம்மா. நன்றியையும் எடுத்துடுங்க. உங்க பதினெட்டுக் குப்பியையும் நான்தான் கொன்னேன்.”

பெர்சிஸுக்கு முதலில் புரியவில்லை. அவர் உள்ளே போய் ஆணியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார். வெந்நீர், கரண்டி, குவளை, இருநூறு எண்ணிக்கை, ஒன்றுவிடாமல் சொன்னார். நேற்று மத்தியானமே தெரிந்துவிட்டது என்பதையும், வாயை மூடிக்கொண்டு முக்காலியில் வந்து உட்கார்ந்ததையும் சொன்னார். 

பெர்சிஸ் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஸ்பிரிட் போதும் என்று எத்தனை தடவை சொன்னேன் என்றாள். பால்காரர் புத்தி என்றாள். ஏழு வருஷம், ஏழு வருஷம் என்று இரண்டு தடவை சொன்னாள். தணிகாசலம் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார்.

சத்தம் கேட்டு மாதாஜி வெளியே வந்தார். அந்த அம்மாவையும் பெர்சிஸ் விடவில்லை. வாரா வாரம் பிளாஸ்க்கோடு ஒரு மனிதர் ஏறிப் போகிறாரே, நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா?

“டீ கொண்டுபோறார்னு நினைச்சேன்,” என்றார் மாதாஜி. கையிலிருந்த மாவைப் பார்த்துக்கொண்டு, “கேட்டிருக்கணும்,” என்றார்.

பெர்சிஸ் நின்று மூச்சு வாங்கினாள். பனியாறு இருக்கிற பக்கமாகத் திரும்பினாள். திடீரென்று அவள் முகம் மாறிற்று.

“அப்போ... அதுங்க இருக்கலாம், இல்லையா?”

“தெரியாதும்மா. தெரிஞ்சிக்க நான் விடல.”

“நூறு இருக்கலாம். ஐம்பது இருக்கலாம்.”

“ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்,” என்றார் தணிகாசலம். இனி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவும் அவருக்குப் பயமாக இருந்தது.

பெர்சிஸ் ஓடிப்போய்த் தன் மூட்டையை அவிழ்த்தாள். குப்பிகளைத் தேடி எடுத்தாள். புதுப்பனியைத் தோண்டினால் அடியில் பழையது கிடைக்கும். இன்றைக்கே ஏறி எடுத்தால் நாளைக் காலை கழுதையோடு கீழே கிளம்பிவிடலாம். தட்டில் வைத்துப் பத்து நாள் காத்திருந்தால் தெரியும். அடுத்த வாரம் ஐம்பது பேர் முன்னால் எதையும் வாசிக்கப் போவதில்லை. பகத்ராம் ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் சோப்புத் தண்ணீருமாக நின்று தன் பாஷையில் ஏதோ புலம்பினான். பாதித் தலையோடு ஒரு மனிதனை விடுவது பெரிய தோஷம் என்கிறான் என்று மாதாஜி சொன்னார்.

எதிர் மலை உச்சியில் வெயில் ஏறிவிட்டது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தணிகாசலமும் பார்த்தார். பார்த்துவிட்டு, கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன் பெர்சிஸ் நோட்டைத் திறந்தாள். வைகாசி முதல் ஆவணி வரை எடுத்தது எதுவும் செல்லாது என்று குறிக்க வேண்டும். என்ன தப்பு நடந்தது, யாரால் நடந்தது என்று அதில் இருக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

“பேரு போடணும் அண்ணாச்சி,” என்றாள். இப்போது குரலில் கோபம் இல்லை. “எந்தப் பேரு போட?”

தணிகாசலம் மாதாஜியைத் திரும்பிப் பார்த்தார். மாதாஜி தோளில் காவி வேட்டி கிடந்தது. கையெல்லாம் பிண்ட மாவு.

“இனிமே கேட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல. இருந்தாலும் கேக்கறேன் மாதாஜி. எனக்கு என்ன பேரு வைக்கிறதா இருந்தீங்க?”

மாதாஜி மாவுக் கையை உதறிவிட்டு, தோளில் கிடந்த வேட்டியை எடுத்து அவர் தோளில் போட்டார். காதோரம் குனிந்தார்.

“தணிகாசலம்.”